கென்னடி வீட்டில் வியட்நாம் வாபஸ்

அண்ணாச்சி, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? கென்னடியைச் சுட்டது யார்?

விடுகதை போடவில்லை. பொழுது போவதற்காகவும் கேட்கவில்லை. இந்த ஒரு கேள்வியால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஆமாம், அந்த அமெரிக்க ஜனாதிபதிதான். மேலே கூரையே இல்லாத காரில் கையாட்டிக்கொண்டு போனாரே, அவர். எங்கள் அப்பா பெயரும் கென்னடிதான். ஆனால் எங்கள் அப்பாவை இதுவரை யாரும் சுடவில்லை. சுடலாமா என்று யோசித்தவர்கள் உண்டு. அதில் எங்கள் அம்மாதான் முதல் ஆள்.

அந்த ஜனாதிபதி செத்த மறு மாதம் எங்கள் அப்பா பிறந்தார். தாத்தா அப்போது மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் அமெரிக்காக்காரன் அனுப்பின பால்பவுடரைக் கரைத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றுகிற வேலை பார்த்தார். பால் குடித்த நன்றி, பெயராக வந்து அப்பா தலையில் விழுந்தது. அத்தோடு நின்றதா? அப்பா தன் பங்குக்கு அக்காவுக்கு ஜாக்குலின் என்று வைத்தார். ஜனாதிபதி சம்சாரத்தின் பெயர். சரி, போகட்டும், அந்த அம்மாள் நல்லபடியாக இருந்து வயதாகித்தான் செத்தார்கள். எனக்கு என்ன வைத்தார் தெரியுமா? ராபர்ட். ஜனாதிபதியின் தம்பி. அவரையும் சுட்டுவிட்டார்கள், அண்ணாச்சி! பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர், அந்தப் பெயர்க்காரனுக்குக் கடைசியில் என்ன ஆனது என்று ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டாமா? கேட்டால், "ஏல, ஆளத்தாம்ல சுட முடியும், பேரச் சுட முடியாது" என்பார்.

நான் இப்போது அப்பா குரலில் சொன்னேன், கவனித்தீர்களா? அது எனக்குத் தன்னால் வரும். பங்குச் சாமியார் வேண்டுமா, ஹெட்மாஸ்டர் வேண்டுமா, மீன் ஏலம் போடுகிற ஆள் வேண்டுமா, கேளுங்கள். இந்தக் கண்டக்டர் குரல்கூட இதற்குள் பிடிபட்டுவிட்டது. நான் ஒரு தடவை "ரைட்" சொன்னால் வண்டி கிளம்பும். போட்டுக் காட்ட மாட்டேன். போன மாதம் வேறொரு பஸ்ஸில் போட்டுக் காட்டித்தான் ஒரு கர்ப்பிணி அக்கா கையால் அடி வாங்கினேன்.

அப்பா துறைமுகம் போகிற வழியில் வலைக்கடை வைத்திருக்கிறார். கயிறு, மிதவை, தூண்டில், வலை. கடைக்குள் நுழைந்ததும் மாதா படம், பக்கத்தில் சூசையப்பர், அதற்குப் பக்கத்தில் கோட்டு சூட்டோடு ஜனாதிபதி. வருஷா வருஷம் நவம்பரில் அவர் ஆத்துமா இளைப்பாற எங்கள் கோயிலில் ஒரு பூசை. சாமியாருக்குத் தலைவலி. "கென்னடி, அங்க மத்தியானம்னா இங்க ராத்திரி பன்னெண்டு. இருபத்திரெண்டுல சேக்கவா, இருபத்திமூணுல சேக்கவா?" என்று கேட்பார். அப்பா சண்டைக்குப் போவார். சாகிறவன் தூத்துக்குடி நேரம் பார்த்தா சாவான் என்பார்.

இந்தக் கதையில் இன்னொருத்தர் இருக்கிறார். ஹோசிமின் மாமா.

சிரிக்காதீர்கள், நிஜப் பெயர்தான். வியட்நாமில் அமெரிக்காக்காரனை எதிர்த்து நின்ற தலைவரின் பெயர். மாமாவின் அப்பா உப்பளத்தில் கூலி, கட்சிக்காரர். மகனுக்கு அப்படி வைத்தார். மாமா இப்போது உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் செயலாளர். வீட்டில் குழம்புக்கு உப்பு கேட்டாலும் மேடையில் பேசுகிற மாதிரிதான் கேட்பார். "தோழர்களே, இந்தக் குழம்பு மக்களிடமிருந்து அந்நியப்பட்டு நிற்கிறது!" அத்தை கரண்டியால் ஒன்று வைப்பாள்.

இந்த இரண்டு பேரும் சாயங்காலம் ஐஸ் கம்பெனிப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு வியட்நாம் போர் நடத்துவார்கள். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நடக்கிறது. அந்தப் போரே அவ்வளவு வருஷம் நடந்திருக்காது.

"வே கென்னடி, ஒம்ம ஆளு எதுக்குவே பதினாறாயிரம் பட்டாளத்தானை அங்க அனுப்புனான்? மீன் வாங்கவா?"

"பட்டாளம் இல்லவே, ஆலோசகர்!"

"ஹெலிகாப்டர்ல துப்பாக்கியோட வந்து ஆலோசனை சொல்லுதவன நான் இப்பதான் கேள்விப்படுதேன்."

"அவரு இருந்திருந்தா ஒங்காளுக்கு அப்பவே மண்டகப்படிதான். சும்மாவா சுட்டானுவோ? கியூபாக்காரன் வேல அது!"

"கியூபாக்காரனுக்கு வேற சோலி இல்ல பாரும். அவன் கரும்பு வெட்டவே நேரமில்லாம கெடந்தான்."

அப்புறம் கொஞ்ச நேரம் ஆஸ்வால்டு என்கிறவன் ஒற்றை ஆளாகத்தான் சுட்டானா, அவனை இரண்டே நாளில் போலீஸ் பக்கத்தில் வைத்தே இன்னொருத்தன் சுட்டானே அது எப்படி, ஒரே குண்டு ஜனாதிபதிக்குள்ளும் போய் முன்சீட்டு கவர்னருக்குள்ளும் போகுமா போகாதா என்று போகும். டீக்கடைக்காரர் மிச்சர்த் தட்டு, வடைத் தட்டு எல்லாம் வைத்து கார் எங்கே, ஜன்னல் எங்கே என்று காட்டுவார். ஒரு நாள் மாமா வராவிட்டால் அப்பாவுக்கு டீ இறங்காது. "அந்தப் பய எங்கல போனான்?" என்று என்னைத்தான் அனுப்புவார். இவ்வளவு சிநேகமும் டீக்கடையோடு சரி. மாமா எங்கள் வீட்டுப் படி ஏறினதே கிடையாது. நான் என்ன நினைத்தேன் என்றால், வியட்நாம் பிரச்சினை அவ்வளவு பெரிது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இப்போது குண்டைப் போடுகிறேன். ஹோசிமின் மாமாவுக்கு ஒரு மகன். மின்சார வாரியத்தில் என்ஜினீயர். அவன் பெயர் காஸ்ட்ரோ.

எங்கள் அக்கா ஜாக்குலின் காஸ்ட்ரோவைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றாள்.

அண்ணாச்சி, தண்ணீர் குடியுங்கள். புரையேறிவிட்டது.

அக்கா ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறாள். காஸ்ட்ரோ அத்தான் ஒரு காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்க வந்தவன், காய்ச்சல் போன பிறகும் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். உடம்பில் ரத்தம் தீர்வதற்குள் அக்கா சரி சொல்லிவிட்டாள். அப்பாவிடம் சொன்னது ஒரு சாயங்காலம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். அவிழ்த்துவிட்டார். மறுபடி மடித்துக் கட்டினார்.

"காஸ்ட்ரோவுக்கு ஜாக்குலினா? புருசன் செத்த எடத்துல கொன்னவனுக்கே கழுத்த நீட்டுவியா?"

"அப்பா, அவன் ஈ.பி.ல ஏ.ஈ.ப்பா."

"அவன் அப்பன் கென்னடிய என்னல்லாம் பேசுதான், நீ கேட்டிருக்கியா? வியட்நாம் விசயத்துல ஒரு முடிவு தெரியாம இந்த வீட்டுல அந்தப் பேச்சே கூடாது!"

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சந்தோஷமாகிவிட்டேன். ஏனென்றால் அப்பாவே வழி சொல்லிவிட்டார், இல்லையா? பிரச்சினை மாப்பிள்ளை இல்லை, குடும்பம் இல்லை. வியட்நாம்! அதைத் தீர்க்க எனக்கு ஒரு செல்போனும் ஒரு வாரமும் போதும்.

நெட்டில் உட்கார்ந்து தேடினேன். கென்னடியைப் பற்றி அமெரிக்காக்காரன் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் எங்கள் டீக்கடை எவ்வளவோ தேவலை. மாஃபியா என்கிறான், உளவாளி என்கிறான், ரஷ்யாக்காரன் என்கிறான், பின்னால் வந்த காரில் இருந்த போலீஸ்காரனே கை தவறிச் சுட்டான் என்கிறான். அதில் ஒன்று எனக்கென்றே எழுதி வைத்த மாதிரி இருந்தது. கென்னடி வியட்நாமிலிருந்து படையைத் திரும்ப அழைக்க இருந்தார், போர் நின்றால் ஆயுத வியாபாரம் படுத்துவிடும் என்று நினைத்தவர்கள் ஆள் வைத்துத் தீர்த்துவிட்டார்கள். முதல் தவணையாக ஆயிரம் பேரைத் திருப்பி அழைக்கத் திட்டம் இருந்தது வரைக்கும் நிஜம்தானாம். மற்றதெல்லாம் ஆளுக்கொரு கதை. எனக்கு ஆயிரம் பேர் போதாதா? கென்னடி வாபஸ் வாங்க நினைத்தவர் என்றால் ஹோசிமினுக்கும் அவருக்கும் என்ன சண்டை? சம்பந்தியே ஆகலாம்.

காஸ்ட்ரோ அத்தானிடம் சும்மா கிடந்த ஒரு சிம்கார்டை வாங்கிக்கொண்டு ஐஸ் கம்பெனி மொட்டை மாடிக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் அப்பா கடை நேர் எதிரே. போன் போட்டேன். தொண்டையை இறுக்கிக்கொண்டு, நம் ஊருக்கு வருகிற வெள்ளைக்காரச் சாமியார்கள் பேசுகிற தமிழ் இருக்கிறதே, புத்தகத்தை அப்படியே வெயிலில் காயவைத்த மாதிரி, அந்தத் தமிழில் ஆரம்பித்தேன்.

"திருவாளர் கென்னடி அவர்களே, தங்களுக்கு வந்தனம். நான் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கர்னல் ஹாரிசன் என்பது என் நாமம்."

அப்பா எழுந்து நின்றார். மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டார், அண்ணாச்சி. போனுக்கு!

"சார்... தமிள் பேசுதீங்க?"

"சிறு பிராயத்தில் கொடைக்கானல் மலையில் வளர்ந்தேன். எங்கள் சமையற்காரர் நாமம் அந்தோணி."

அந்தோணி என்றதும் அப்பாவுக்குப் பாதி சந்தேகம் போய்விட்டது. மீதி இருந்தது. "நம்பரு நம்ம ஊரு நம்பரா இருக்கே சார்?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. "அதை... நான் சொல்ல இயலாது" என்றேன்.

"புரியுது சார், புரியுது! ஒட்டுக் கேக்கானுவோ!" அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார். பார்த்தீர்களா, இந்த மாதிரி ஆட்களிடம் பொய் சொல்வது எவ்வளவு சுகம்! ஓட்டை விழுந்தால் அதையும் அவர்களே வந்து அடைத்துக் கொடுப்பார்கள்.

ஜனாதிபதி வாபஸ் வாங்க நினைத்ததைச் சொன்னேன். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பயந்துட்டா சார்?"

"பயம் அல்ல, திருவாளர் கென்னடி. இரக்கம்."

எட்டிப் பார்த்தால் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமினேன். "தண்ணி குடிங்க சார்" என்றார்.

அடுத்து மாமா. அவருக்கு வெள்ளைக்காரன் ஆகாது. அதனால் பாலக்காட்டிலிருந்து ஒரு மூத்த தோழர். "தோழரே, ஞான் குஞ்ஞம்பு ஆணு. நம்முடெ ஆராய்ச்சியில ஒரு காரியம் வந்நிட்டுண்டு" என்று பாதி மலையாளம், பாதி அவியல். "ஏகாதிபத்தியத்திண்டெ உள்ளிலயும் சண்டை உண்டு தோழரே. கென்னடி அதில பெட்டுப் போயி."

மாமா நிதானமாகக் கேட்டுக்கொண்டார். எதிர்த்து ஒரு கேள்வி இல்லை. கடைசியில், "அப்ப என்ன செய்யணும் தோழர்?" என்றார்.

"விட்டுக் கொடுக்கணும் தோழரே. தந்திரபூர்வம்."

"சரி தோழர், ஒங்களுக்காக விட்டுக் குடுக்கேன்" என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

அதற்கப்புறம் கர்னல் அப்பாவிடம் அடிக்கடி பேசினார். ஒரு தடவை, "நாட்டாரும் நாட்டாரும் சமாதானம் ஆவதற்கு வீட்டாரும் வீட்டாரும் சமாதானம் ஆவதே துவக்கம்" என்று எடுத்துவிட்டார். எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா? மறுநாளே அப்பா அம்மாவிடம், "ஞாயித்துக்கெழம ரெண்டாம் பூசை முடிஞ்சு அவங்கள வரச் சொல்லு. சும்மா பாத்துட்டுப் போட்டும்" என்றார். அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளின இடம் இரண்டு நாள் சிவந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாமா, அத்தை, காஸ்ட்ரோ அத்தான். மாமா முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஓரத்தில்தான் உட்கார்ந்தார், சங்கத்தில் உட்காருகிற மாதிரி சாய்ந்து உட்காரவில்லை. வெள்ளைச் சட்டை, புதுச் சவரம். எங்கள் பக்கம் அப்பா, அம்மா, கோயில் கமிட்டியிலிருந்து பெரிய மனுஷன் ஒருத்தர். வாழைக்காய் பஜ்ஜி, காப்பி. அம்மா தட்டை வைத்துவிட்டு, "மொதல்ல சாப்புடுங்க, பொறவு சுட்டுக்கிடுங்க" என்றாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "வே, ஒரு விசயம். வியட்நாம்ல எங்க ஆளு வாபஸ் வாங்கத்தான் இருந்தாரு. எனக்கு நேரடித் தகவல்."

மாமா, "ஆமா கென்னடி. எங்களுக்கும் அப்படித்தான் தகவல்" என்றார்.

அப்பா அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தவர், திறந்தபடி இருந்தார். இத்தனை வருஷத்துச் சண்டை, பஜ்ஜி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது! எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. உள்ளே அக்கா வளையல் சத்தம் கேட்டது.

"அது சரி... ஆனா கியூபால ஏவுகணை..."

"அதுலயும் ஒங்காளு பொறுமையாத்தான் நடந்துக்கிட்டாரு."

"நெலாவுக்கு மனுசன அனுப்புவேன்னு மொதல்ல சொன்னது..."

"அவருதான். நெலா முழுசும் ஒங்களுக்கே, எடுத்துக்கோரும்." மாமா சிரித்தார். அத்தையும் சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். கமிட்டிக்காரர் காப்பியை ஊதிக்கொண்டே அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேசுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. அப்புறம் அப்பா ஒரு வாக்கியம் சொன்னார்.

எல்லார் குரலும் எனக்கு வரும் என்றேன் இல்லையா? இந்த வாக்கியத்தை மட்டும் போட்டுக் காட்ட மாட்டேன், கேட்காதீர்கள். நாங்கள் யார், அவர்கள் யார் என்று ஆரம்பித்தது. அவர் தாத்தா எங்கள் தாத்தா வீட்டில் எந்த வாசல் வழியாக வந்தார் என்பதில் முடிந்தது. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

காஸ்ட்ரோ அத்தான் எழுந்துவிட்டான். மாமா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தம்ளரில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்தார். தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார், எங்கே வைப்பது என்று யோசிக்கிற மாதிரி. அப்புறம் மேஜை நடுவில் வைத்தார்.

"இத மொதல்லயே சொல்லிருந்தா நான் வியட்நாம இம்புட்டு விட்டுக் குடுத்திருக்க மாட்டனே, கென்னடி" என்றார்.

நான் வாசல் வரை ஓடினேன். ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். "தம்பி, பாலக்காட்டுத் தோழர்ட்ட சொல்லு. அடுத்த தடவ பேசுறப்ப எடையில 'ஏல'ன்னு சொல்லாண்டாம்னு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது, அண்ணாச்சி! முதல் நாளே! தெரிந்துகொண்டேதான் "விட்டுக் குடுக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு எவ்வளவு அவமானம்! அவ்வளவு நன்றாகப் போட்ட குரல்!

அன்றிலிருந்து மாமா டீக்கடைக்கு வருவதில்லை. அப்பா தனியாகப் போய் உட்கார்ந்திருப்பார். வடைத் தட்டை டீக்கடைக்காரர் அப்பா பக்கம் நகர்த்தினால்கூட ஜன்னல் எங்கே, கார் எங்கே என்று யாரும் காட்டுவதில்லை.

நான் அக்காவிடம் என் கணக்கைச் சொன்னேன். எங்கே தவறிற்று என்றால், வியட்நாமை முழுதாக முடித்திருக்கக் கூடாது. கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தால் கல்யாணத் தேதி வரைக்கும் அதையே பேசி ஒப்பேற்றியிருக்கலாம். அக்கா என்னைப் பார்த்தாள். "டேய் ராபர்ட்டு, ரெண்டு பேரும் எதப் பேசாம இருக்கதுக்காக இத்தன வருசமா வியட்நாமப் பேசுனாங்கன்னு ஒனக்கு இன்னுமாடா தெரியல?" என்றாள். நான் அப்போதும், பெர்லின் சுவரை விட்டுவிட்டோமே என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, உண்மையைப் போட்டு உடைப்போம் என்று அப்பாவிடம் போனேன். "அப்பா, கர்னல் ஹாரிசன் நான்தாம்ப்பா." கர்னல் குரலிலேயே பேசிக் காட்டினேன். "திருவாளர் கென்னடி அவர்களே!" அந்தோணியைக்கூடச் சொன்னேன். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"ஏல, உண்மையச் சொல்லு. ஒன்னய யாருல இப்படிச் சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா!"

"கர்னல் கொரல நல்லாத்தான் பழக்கி விட்டிருக்கானுவோ. ஆனா அவரு கொரல்ல ஒரு கனிவு உண்டு, அது ஒனக்கு வராது" என்றார்.

இதை எங்கே போய்ச் சொல்ல? செய்யாத சேட்டைக்கெல்லாம் என்னை அடித்த மனுஷன், செய்த சேட்டையை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். என் வாழ்நாளிலேயே பெரிய வேலை, அண்ணாச்சி, அதற்கு ஒரு அடிகூடக் கிடைக்கவில்லை.

அக்கா அதற்கப்புறம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேரே ரிஜிஸ்டர் ஆபீஸில் போய் நோட்டீஸ் கொடுத்துவிட்டாள். அங்கே சீட்டில் இருந்த ஆபீஸர் அம்மாள் பெயர்களைப் படித்துவிட்டு, "ஜாக்குலின், தகப்பனார் கென்னடி. காஸ்ட்ரோ, தகப்பனார் ஹோசிமின். ஏம்மா, வெளையாட இது ஒண்ணுதான் எடமா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். இரண்டு பேர் ஆதார் கார்டையும் காட்டின பிறகுதான் வாங்கினார்கள். பலகையில் ஒட்டின அன்று பார்த்தவனெல்லாம் என் வேலை என்றே நினைத்தான். செய்யாததற்குப் பெயர் வந்தது, செய்ததற்கு வரவில்லை.

இன்றைக்குத்தான் அந்த நாள். ஆமாம், இன்றைக்கு. அதோ முன்னால், மூன்றாவது சீட்டில், மெரூன் பட்டு. அதுதான் எங்கள் அக்கா. அந்தச் சேலை அம்மாவுடையது. அம்மா வரவில்லை. விடியற்காலை பெட்டியைத் திறந்து சேலையை எடுத்து அக்கா பையில் வைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். அவளால் அவ்வளவுதான் முடிந்தது.

மூன்று சாட்சி வேண்டும். மாமாவும் அத்தானும் நேரே ஆபீஸுக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் பக்கம் ஆளுக்கா பஞ்சம், சங்கமே வந்து நிற்கும். ஆனால் அக்கா ஒரே பிடியாக நிற்கிறாள். மூன்றில் ஒரு கையெழுத்தாவது எங்கள் பக்கத்துக் கையெழுத்தாக இருக்க வேண்டுமாம். நான் யாருமில்லாமல் வந்தவள் இல்லை என்கிறாள். நான் போடலாம்தான், எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. மீசை போதாது, ஆதார் கேட்கிறார்கள்.

அதனால் இன்று காலையில் கடைக்குப் போனேன். அப்பா கையை விரித்து விரித்துக் கயிறு அளந்துகொண்டிருந்தார். வாங்க ஆள் யாரும் இல்லை. "அப்பா, அக்காவுக்கு இன்னைக்கு. நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்றேன். எந்தக் குரலும் போடவில்லை. சும்மா என் வாயில் வந்தபடி கேட்டேன்.

அளந்துகொண்டே இருந்தார். அப்புறம் மேஜையில் கிடந்த போனைப் பார்த்தார். "கர்னல் கொஞ்ச நாளா பேசவே இல்லல" என்றார். "இந்த நேரத்துல அவரு ஒரு வார்த்த சொன்னா நல்லாருக்கும்."

அண்ணாச்சி, அந்த சிம்கார்டு இதோ என் பாக்கெட்டில்தான் இருக்கிறது. ஒரே ஒரு போன். "திருவாளர் கென்னடி அவர்களே, புறப்படுங்கள்." அவ்வளவுதான். அந்த மனுஷன் வேட்டியை இறக்கிவிட்டு ஆட்டோ பிடித்து நமக்கு முன்னால் போய் நிற்பார். கூப்பிட்டிருப்பேன், கை போனில்தான் இருந்தது. ஆனால் நோட்டீஸ் கொடுத்த அன்றே அக்கா என் மனசைப் படித்த மாதிரி சொல்லிவிட்டாள். "அப்பா வந்தா அப்பாவா வரட்டும்டா. கர்னல் சொல்லி யாரும் எனக்கு வர வேண்டாம்." என் தலையில் அவள் கையை வைத்துச் சத்தியம் வேறு வாங்கினாள். வேறு யார் தலை என்றாலும் மீறியிருப்பேன்.

சரி, வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அக்கா கேட்டாள், "நம்ம பக்கத்துக்கு யாரும் வாராங்களாடா?" அவள் கண்ணுக்கு மை போட்டிருந்தாள். நான் என்ன சொல்ல? "வாராங்க" என்றேன். வாயில் வந்துவிட்டது. "யாரு?" என்றாள். "வரும்போது பாரேன்" என்றேன்.

அவள் மேற்கொண்டு கேட்கவே இல்லை. நேரே பேக்கரிக்குப் போய் மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த மடியில் இருக்கிறதே, அந்தப் பொட்டலம்தான். அவள் அதைச் சாப்பிட மாட்டாள், அத்தானுக்கும் இனிப்பு ஆகாது. எங்கள் வீட்டில் மக்ரூன் தின்கிறவர் ஒரே ஆள்தான். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறுகிறவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருகிறாள், கவனித்தீர்களா? நீங்கள் ஏறும்போதுகூடப் பார்த்தாள். வேட்டி கட்டியிருக்கிறீர்கள், அப்பா வயசு இருக்கும். முதலில் எழுந்தேவிட்டாள், அப்புறம் உட்கார்ந்தாள்.

உங்களுக்கு எந்த ஊர், என்ன ஆட்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஒரு கையெழுத்துத்தான், கால் மணி நேரம். ஆதார் கார்டு பையில் இருக்கும் இல்லையா? கண்டக்டர் விசில் எடுக்கிறார், அடுத்த ஸ்டாப்தான் ரிஜிஸ்டர் ஆபீஸ். நான் ஒன்றும் பேச மாட்டேன், நீங்களே அவளிடம், பெண் வீட்டு ஆள் என்று ஒரு வார்த்தை...

இதோ எழுந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கிறாள். அண்ணாச்சி, நீங்கள் மக்ரூன் சாப்பிடுவீர்கள்தானே?